சிட்னியிலிருந்து உவர்மலைக்கு

மெசினின் அடியைத் திருப்பினால் ஒரு சின்ன வெள்ளை ஒட்டி இருக்கிறது. 24 வோல்ட் என்று ஒரு வரி, நீளமான ஒரு தொடரிலக்கம், சிங்கப்பூரில் செய்தது என்று இன்னொரு வரி. மெசின் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் இந்த ஒட்டியைப் பார்த்தேன். கரண்ட் இல்லாத இரவு, டோர்ச் வெளிச்சம். அதற்கு முதல் அதைத் தூக்கித் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு எனக்கும் அதற்கும் சினேகம் இருக்கவில்லை.

ஒரு இறாத்தல் பாணைவிடக் கொஞ்சம் பெரிது. பாரமும் ஒன்றேகால் கிலோ அளவுதான். பின்பக்கத்தால் அறைக் காற்றை இழுத்து, பக்கத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு மேலால் அனுப்பி, இரண்டு மீற்றர் வரையான ரியூப் வழியாக மூக்கில் மாட்டிய மாஸ்க்குக்குக் கொடுக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை. சீபாப் என்று டொக்டர்மார் சொல்வார்கள். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் அதற்குக் காத்து மெசின் என்று பெயர்.

அது ஏன் எங்கள் வீட்டுக்கு வரவேண்டி வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். கடைசி ஆறேழு வருசம் ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். கிண்ணியா பஸ்ஸில் ஏறினால் இறங்கவேண்டிய இடம் தெரியாது. பிள்ளைகள் கும்பகர்ணன் சேர் என்று பட்டம் வைத்தார்கள். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இராவணனின் தம்பியின் பெயரை ஒருவனுக்கு வைப்பதற்கு இங்கே யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவே இல்லை. அவன் ஆறு மாதம் ஒரே மூச்சில் தூங்கியவன். நான் தூங்காதவன். அது எனக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது, மனுசி ஒருத்தியைத் தவிர.

அவவுக்குத் தெரிந்திருந்தது. குறட்டை அவவுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. குறட்டை நிற்கிற நேரம்தான் அவ முழித்துக்கொள்வா. சத்தம் வெட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் எழும்பும், காற்று வராது. அவ எண்ணத் தொடங்குவா. இருபது, முப்பது, சில இரவு நாற்பதுக்கு மேல். பிறகு தண்ணீருக்குள் இருந்து மேலே வந்தவன் போல ஒரு இழுப்பு. “இஞ்சருங்கோ, நீங்கள் மூச்சு விடேல்லை” என்று தோளைப் பிடித்து உலுக்குவா. நான் திரும்பிப் படுப்பேன். காலையில் ஒன்றும் ஞாபகம் இராது. வருசக்கணக்காக ஒரு மனுசி பக்கத்தில் முழித்திருந்து புருசனின் மூச்சை எண்ணியிருக்கிறா. அதைக் குறட்டைப் பிரச்சினை என்றே நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

2021இல் கொழும்பில் பரிசோதனை செய்தார்கள். மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, விரலில் ஒரு கவ்வி. அதோடு ஒரு இரவு. பத்து செக்கனுக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒன்று என்று எண்ணுவார்கள். பாதி அடைபட்டு இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கினாலும் கணக்கில் சேரும். மணித்தியாலத்துக்கு ஐந்துக்குக் கீழே என்றால் பரவாயில்லை, முப்பதைத் தாண்டினால் கடுமை. எனக்கு 42. ஒன்றரை நிமிசத்துக்கு ஒருதடவை மூளை என்னைத் தட்டி எழுப்பியிருக்கிறது. கணித ஆசிரியனுக்கு அந்தக் கணக்கை வேறு யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

இனி மெசினின் பூர்வீகம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கும் அண்ணத்தின் மெல்லிய பின்பகுதியும் பின்னால் விழுந்து மூச்சுப்பாதையை மூடிவிடும். காற்றுப் போன சைக்கிள் ரியூப்பை நினைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்கும். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், வட்டமாக நிற்கும். அந்தக் கொஞ்சக் காற்றைத் தொண்டைக்குள் இரவு முழுவதும் வைத்திருக்க முடியும் என்று 1980 வரை ஒருவரும் செய்து காட்டவில்லை. கடுமையான நோயாளிக்கு அப்போது இருந்த வழி கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது.

இதற்கு ஒன்பது வருசம் முதல், 1971இல், சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி என்ற டொக்டர் பச்சைக் குழந்தைகளுக்கு இதே போன்ற ஒன்றைச் செய்தார். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் மூச்சை விட்டவுடன் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டவிடாமல் தொடர்ந்து அழுத்தத்தில் காற்று கொடுத்து, 20 குழந்தைகளில் 16 பேரைக் காப்பாற்றினார். இன்றும் பல நாடுகளில் பிள்ளைகள் வார்ட்டில் இதன் எளிய வடிவம் இருக்கிறது. மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். எத்தனை சென்ரிமீற்றர் ஆழமோ அத்தனை அழுத்தம். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். என் மெசின் காட்டுகிற இலக்கமும் தண்ணீர்ச் சென்ரிமீற்றர்தான். நாலிலிருந்து இருபது வரை.

பெரியவர்களுக்கு இதைக் கொண்டுவந்தவர் சிட்னியில் கொலின் சலிவன். ரொறன்ரோவில் எலியட் பிலிப்சன் என்பவரோடு நாய்களின் தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ந்தவர். அங்கே நாயின் மூஞ்சிக்கு அளவாக மாஸ்க் செய்த பழக்கம் கைவசம் இருந்தது. 1980 ஜூன் மாதம் ஒரு நோயாளி கழுத்தில் துளையிட மறுத்துவிட்டார். ஆனால் ஒரு இரவு பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தார். வக்யூம் கிளீனரில் இருப்பது போன்ற ஊதுமோட்டரைக் காற்றை வெளியே தள்ளும்படி மாற்றி, குழாயை மூக்கில் பொருத்தி, காற்றுக் கசியாமல் சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் மூச்சு ஓடியது. குறைத்தால் நின்றது. திரும்பக் கூட்டினால் திரும்ப ஓடியது. அந்த மனிதர் அன்று ஆழ்ந்து தூங்கினார்.

1981 ஏப்ரலில் லான்செற் இதழில் ஐந்து நோயாளிகளை வைத்து அந்தக் கட்டுரை வந்தது. அந்த ஆரம்பகால ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை வரும். மூக்கை அச்செடுத்துச் செய்த கண்ணாடிநார் மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் பசை பூசி ஒட்டி, காலையில் உரித்தெடுத்து, பக்கத்தில் வக்யூம் மோட்டர் இரைய இரையத் தூங்கியிருக்கிறார்கள். இன்றைய மெசினின் சத்தம் 27 டெசிபெல் அளவுதான். எங்கள் அறையின் கூரைக் காற்றாடி அதைவிட இரையும்.

பிறகு பீற்றர் ஃபாரெல் என்ற பொறியியலாளர் இதைக் கம்பனியாக்கினார். 1989இல் சிட்னியில் ரெஸ்கெயார் என்று தொடங்கி, 1995இல் ரெஸ்மெட் என்று பெயர் மாறியது. அமெரிக்காவின் ரெஸ்பிரோனிக்ஸ் இன்னொரு பக்கத்தால் வளர்ந்தது. 2008இல் பிலிப்ஸ் அதை வாங்கியது.

அந்த இரண்டு கம்பனிகளின் கதைதான் என் மெசின் பிந்தி வந்த கதையும். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெசின்களைத் திருப்பி அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் உதிர்ந்து, துகளாக மூச்சோடு போகலாம் என்று கண்டிருந்தார்கள். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மெசின்கள். வெப்பமும் ஈரப்பதனும் அந்த உதிர்வை விரைவாக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. திருகோணமலையில் இருப்பவர்கள் அந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுத் தருகிற மெசின் எங்கள் வீடுகளுக்குப் பெட்டியோடு பெட்டியாக வருவது வழமை. கொண்டுவருபவரின் அன்பில் குறை இல்லை. ஆனால் தொடரிலக்கத்தைத் திருப்பி அழைத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மூக்கில் மாட்டாதீர்கள்.

ஒரு கம்பனி நின்றதும் உலகம் முழுவதும் மற்றக் கம்பனியிடம் போனது. அதே காலம் இலத்திரன் சிப்புகளுக்கும் தட்டுப்பாடு. சிட்னியில் இருக்கும் மருமகன், தங்கச்சியின் மகன், டொக்டர் எழுதித் தந்ததை அனுப்பிப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தான். அவனுடைய வீட்டில் இருந்து அந்தக் கம்பனியின் வளாகம் இருக்கும் பெல்லா விஸ்ரா காரில் கொஞ்ச நேரம்தானாம். அங்கே உருவம் வரைந்து, சிங்கப்பூரில் பொருத்தி, திரும்ப சிட்னிக்கு வந்து கடையேறிய மெசின் அது.

2021 நவம்பரில் அவுஸ்திரேலியா எல்லையைத் திறந்தது. ஜனவரியில் தங்கச்சி வந்தாள். சாமான்பெட்டியில் போட மனம் வராமல், சாம்பல்நிறப் பையைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். சிங்கப்பூரில் இறங்கி ஏறி வந்ததால், பிறந்த ஊரை மெசின் இன்னொருதடவை கடந்தது. கட்டுநாயக்காவில் இருந்து வானில் குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். யானைக்காக ஒருதடவை வான் நின்றபோதும் பை அவளுடைய மடியில்தான் இருந்ததாம். “அண்ணா, அலுமாரிக்குள்ள வைக்காமப் பாவியுங்கோ” என்று மேசையில் வைத்தாள். இந்த மெசின்கள் கடைசியில் எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் சொன்னதுதான் நடந்தது. நாலாம் நாள் அது அலுமாரிக்குள் போனது.

முதல் இரவை அப்படியே சொல்கிறேன். மாஸ்க்கை மாட்டிப் படுத்தேன். உள்ளே எடுக்கிற மூச்சு சுலபம், காற்றே தள்ளிவிடும். வெளியே விடுகிற மூச்சுத்தான் சண்டை. மாரி காலத்தில் டச்பே கடற்கரையில் வாடைக்கு முகம் கொடுத்து நின்று ஊதுவது போல இருந்தது. பயத்தில் வாயைத் திறந்தேன். மூக்கால் வந்த காற்று வாயால் சீறிக்கொண்டு போனது. எழும்பி இருந்தேன், மாஸ்க்கைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். மூக்குப் பாலத்தின் ஓரத்தால் கசிந்த காற்று கண்ணுக்குள் அடித்தது. பட்டியை இறுக்கினேன், கசிவு கூடியது. இரண்டு மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு என் பழைய குறட்டைக்கே திரும்பிப் போனேன். மூன்றாம் இரவு, தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருக்கிறேன். காலையில் மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

மெசினை அலுமாரியில் இருந்து வெளியே எடுத்தது மகள். ஆஸ்பத்திரி ஒன்றில் மிஸ்ஸியாக இருக்கிறாள். ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழாயில் பத்து சென்ரிமீற்றரைப் பேனாவால் அடையாளம் போட்டு, அதுவரை அமிழ்த்தி, “ஊதுங்கோ அப்பா” என்றாள். ஊதினேன். கொஞ்சம் அழுத்தினால் குமிழி வருகிறது. “இவ்வளவுதான் இந்த மெசின். அரைச் சாண் தண்ணி.” சங்கு குளிக்கிற ஆட்கள் பாகக்கணக்கில் கீழே போய் வருகிற கடல் இது. அரைச் சாண் தண்ணீருக்கு நான் மூன்று இரவு பயந்திருக்கிறேன். அந்த உறிஞ்சுகுழாய் எனக்குச் செய்ததை எந்த விளக்கப் புத்தகமும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு டொக்டர் தொலைபேசியில் சொன்னபடி செய்தேன். தூக்கத்துக்காகப் போடவேண்டாம், பகலில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கும்போது அரை மணித்தியாலம் போடுங்கள் என்றார். மாஸ்க்கோடு கொப்பி திருத்தினேன். மாஸ்க்கோடு செய்தி பார்த்தேன். ஒரு கிழமையில் மூச்சு விடுவது சண்டை என்ற எண்ணம் போய்விட்டது. படுக்கும்போது குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறுகிற வசதி மெசினில் இருக்கிறது. அதை அரை மணித்தியாலத்துக்கு வைத்துத் தந்தார்கள். மாஸ்க்கை நின்றுகொண்டு பூட்டக்கூடாது. படுத்த பிறகு, காற்று வரும்போது, முகத்தில் இருந்து கொஞ்சம் தூக்கி, காற்றை நிரப்பி, மெதுவாக அமரவிடவேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் போகவேண்டும். இறுக்க இறுக்கக் கசியும், தளர்த்தினால் அமரும் என்பதை என் கைக்குப் பழக்க ஒரு மாதம் எடுத்தது. இருபத்தெட்டு வருசம் வைத்திருந்த மீசையும் போனது. மாஸ்க்கின் கீழ் விளிம்பு அதில் அமரவில்லை. மீசையை எடுத்த அன்றைய இரவுதான் முதன்முதலாக ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து போட்டேன்.

அமெரிக்காவில் அரச காப்புறுதி மெசினுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தொடர்ச்சியான 30 நாட்களில் 70 வீதமான இரவுகளில் நாலு மணித்தியாலம் பாவித்திருக்க வேண்டும். எனக்கு அந்த அளவைத் தொட ஆறு கிழமை பிடித்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மூன்று இரவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எங்கள் ஊர்க் காற்றையும் மெசின் படிக்கவேண்டி இருந்தது. வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கும். மேற்கே இருந்து வருகிற காய்ந்த சுடுகாற்று. அந்த மாதங்களில் மூக்கு வறண்டு எரியும், ஈரமாக்கியைக் கூட்டவேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். அப்போது அதே அளவில் விட்டால் ரியூப்புக்குள் நீர் ஒடுங்கி, நடுச்சாமத்தில் மூக்குக்குள் சொட்டும். விளக்கப் புத்தகத்தில் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று இருக்கிறது. உவர்மலையில் நாங்கள் கச்சானுக்கு ஒன்று வாடைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்றவேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை எங்கள் கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும், வெள்ளையாகப் படிந்து கிடக்கும். காற்று வடிகட்டி இன்னொரு பாடம். வெள்ளை நிறத்தில் போட்டது மூன்றாம் கிழமை தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தூசி என்று நினைத்தோம். மணந்து பார்த்த மனுசி, “சாம்பிராணி” என்றா. வெள்ளிக்கிழமைகளில் அவ அறை அறையாகப் புகை காட்டுவா. அறையில் நிற்கிற புகையை மெசின் இழுத்து நேரே என் நெஞ்சுக்குள் அனுப்பியிருக்கிறது. இப்போது புகை சுவாமி அறையோடு நின்றுவிடும்.

பிறகு அந்தப் பங்குனி மாதம். நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. 2022 மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற சீனக்குடாவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒரு ஊதுமோட்டரைச் சுற்ற வழியில்லாமல் இருட்டில் இருந்தேன். மெசினைத் தூக்கித் திருப்பி 24 வோல்ட் என்று வாசித்தது அந்தக் காலத்தில்தான். வீட்டில் இருந்தது 12 வோல்ட் பற்றரி. இடையில் ஒரு மாற்றி வேண்டும், அது கடைகளில் இல்லை. மருமகன் அனுப்பி வந்து சேரும்வரை சாய்மனைக் கதிரையில் ஒருபக்கமாகச் சரிந்து தூங்கினேன். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும், சரிந்தால் அவ்வளவு விழாது. மாற்றி வந்த பிறகு ஈரமாக்கியை நிறுத்திவிட்டுப் பற்றரியில் ஓட்டினேன். சூடாக்குவதை நிறுத்தினால் மெசின் சொற்ப மின்சாரத்தில் ஓடும்.

விசித்திரம் என்னவென்றால், மெசினை நான் என்னுடையது என்று உணர்ந்ததே அது ஓடாத அந்த இரவுகளில்தான். இரண்டு மாதம் ஒழுங்காகத் தூங்கிப் பழகிய உடம்பு, இல்லாத இரவுக்கு அடுத்த காலையில் பழைய பாரத்தை அடையாளம் கண்டுகொண்டது. இத்தனை வருசம் இதைத்தான் வயது என்றும் சோம்பல் என்றும் நினைத்திருந்தேன்.

இப்போது திரையில் காலையில் வருகிற இலக்கம் மணித்தியாலத்துக்கு இரண்டு, மூன்று. நோய் மாறிவிடவில்லை, மாஸ்க் போடாத இரவு அது திரும்ப வரும், டொக்டர் அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் கனவு வருகிறது. கந்தளாய்க்கு வாகனம் ஓட்டிப் போய் வருகிறேன். மனுசி எண்ணுவதை நிறுத்தி இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் ஒருநாள் சொன்னா, தானும் இப்போது விடியும்வரை தூங்குவதாக.

குறட்டை விடுகிற ஒருவரின் பக்கத்தில் படுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு இரவு கைபேசியைத் தலையணையடியில் வைத்துப் பத்து நிமிசம் பதிவு செய்யுங்கள். சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்கவேண்டாம். அது நிற்கிற இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் அடிக்கடி வந்தால், அந்தப் பதிவை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் போட்டுக் காட்டுங்கள்.